சூடேறினால் நிற்கும் மிசினும் எங்கள் றீற்றாவும்

என் தங்கச்சி றீற்றா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலை வென்றாள். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்ட பிறகு, பாயில் எழும்பி இருந்து கஞ்சி கேட்டவள் அவள். காய்ச்சல் போகும்போது இடது காதின் கேட்கும் சக்தியைக் கொண்டு போனது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் போனது. பொம்பிளைப் பிள்ளை கை வைத்தால் எஞ்சின் பழுதாகும் என்று சொன்னவர்களிடமிருந்து ஸ்பனரை வென்றாள். உப்புவெளித் தோட்டக் கிணறு ஒன்றில் அபூதாஹிர் என்ற மனிதரின் உயிரை வென்றாள்.

அவள் கிணற்றுக்குள் குதித்து அவரைத் தூக்கினாள் என்று இப்போது சிலர் கதைக்கிறார்கள். அது பிழை. அவள் குதிக்கவில்லை. கிணற்றுக் கட்டுக்கு வெளியே, ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆகையால் நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களைப் பெற்ற ஐயா சூசைப்பிள்ளை, உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதிக்குக் காவலாளி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு அங்கே விருந்தினர் எவரும் வரவில்லை. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். நான் வெறும் அறைகளைக் கூட்டிப் பூட்டுவேன். றீற்றா களஞ்சிய அறையில் இருப்பாள். அங்கே தோளில் மாட்டிப் புல் வெட்டும் மிசின் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதைக் கழற்றுவாள், துடைப்பாள், பூட்டுவாள், மறுபடி கழற்றுவாள். ஐயா ஏசிப் பார்த்தார். பிறகு, "கிடக்கிற இரும்புதானே, விடு" என்றார்.

அந்த மிசினுக்குப் பற்றரி இல்லை. பற்றரி இல்லாமல் பொறி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுக்கு விளங்க வேண்டியிருந்தது. விளங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் சில்லில் ஒரு காந்தம் பதித்திருக்கிறது. சில்லுக்கு வெளியே, தொட்டும் தொடாமலும் இருப்பதுதான் கொயில். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த கால்கள், அவற்றின்மேல் கொஞ்சச் சுற்றாகத் தடித்த கம்பி, அதற்கு மேல் தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. காந்தம் கால்களைக் கடக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடத் தொடங்கும். அது நன்றாக ஓடும் நேரம் பார்த்து ஒரு சின்ன விசை அதைச் சட்டென்று அறுத்துவிடும். அந்த அறுப்பின் உதறல் மெல்லிய கம்பியில் பலமடங்காகப் பெருகி, எஞ்சின் தலையில் பூட்டியிருக்கும் பிளக்கின் நுனியில் நீலப் பொறியாகப் பாயும்.

"ஓடுற கண்டுக்குட்டியின்ர கயித்தைச் சட்டெண்டு கட்டையில சுத்தினால் என்ன நடக்கும்? கட்டை பிடுங்கிக்கொண்டு வரும். அந்தப் பிடுங்கல்தான் அக்கா பொறி" என்றாள்.

காந்தத்துக்கும் கொயிலுக்கும் நடுவே ஒரு தடித்த கடதாசியின் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். அதை அளக்க அம்மாவின் செபப்புத்தகத்தில் இருந்த அந்தோனியார் படத்தை எடுத்து இடையில் செருகினாள். அம்மா கண்டுவிட்டார்.

"புனிதரை ஏனடி அந்த ஊத்தைக்குள்ள விடுறாய்?"

"காணாமல் போனதைத் தேடித் தாறவர்தானே அம்மா. பொறியைக் காணேல்ல."

அன்றைக்கு அடியும் வாங்கினாள். மிசினும் ஓடியது.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பெற்றோல், மருந்து மாதிரிச் சின்னப் போத்தலில்தான் கிடைக்கும். பற்றரியைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவர ஏலாது. அதனால் பற்றரி கேளாத இறைப்பு மிசின்களே தோட்டக்காரரின் உயிர். ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்த மண்ணெண்ணெயும் எத்தனையோ கை மாறி, தண்ணீரும் வேறு என்னவும் கலந்துதான் வரும். ஆகவே மிசின் நின்றால் எங்கள் ஊரில் எவரும் யோசிப்பதில்லை. "எண்ணெய் பிழை" என்பார்கள். காபரேட்டரைக் கழற்றி, இருக்கும் எண்ணெயை வடித்து, பிளக்கைத் துடைத்து, வேறு எண்ணெய் விட்டு இழுப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் எண்ணெயில் இல்லாத பிழை எவருடைய கண்ணிலும் படவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்டெம்பர் மாதம். மழை இன்னும் இறங்கவில்லை. குலசிங்கம் அண்ணையின் மிளகாய்த் தோட்டத்தில் கிணறு வற்றிப்போய், அதை ஆழமாக்கும் வேலை நடந்தது. நானும் றீற்றாவும் அங்கே கூலிக்குப் புல் பிடுங்கிக்கொண்டு நின்றோம். எங்கள் மண் முழுக்கக் கடல் மணல். கிண்டினால் சரியும். ஆகையால் சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கித்தான் கிணறு கட்டுவார்கள். உள்ளே இருந்து வளையத்தின் அடி மணலை அள்ள அள்ள, வளையம் தன் பாரத்தில் கீழே இறங்கும். அந்த வேலையில் நிலாவெளி அபூதாஹிர் காக்காவுக்குச் சமமாக ஒருவருமில்லை. முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் உள்ளே இறங்குவார். அவருடைய மனைவியின் தம்பி கலீலுர் றஹ்மான் மேலே நின்று வாளி இழுப்பார். ஊறிவரும் தண்ணீரைக் குலசிங்கம் அண்ணையின் மிசின் ஓயாமல் இறைக்க வேண்டும்.

அந்த மிசினைச் சுற்றி ஈரச் சாக்குகளைப் போர்த்துக் கட்டியிருந்தது. றோட்டில் இராணுவக் காவலரண் இருந்தது. எஞ்சின் சத்தம் கூடுதலாகக் கேட்டால் வந்து விசாரிப்பார்கள். அதற்காக எல்லாத் தோட்டக்காரரும் இப்படித்தான் மிசினைச் சாக்கால் மூடி ஓட்டுவார்கள்.

பின்னேரம் திடீரென்று கிணற்றுக்குள் ஒரு சத்தம். பானை உடைவது மாதிரி இல்லை. வாய்க்குள் எதையோ விழுங்குவது மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடிவளையம் சரிந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அதன் விளிம்பு அபூதாஹிர் காக்காவின் வலது தொடையை மணலோடு சேர்த்து அமத்திவிட்டது. தண்ணீர் அவருடைய இடுப்பில் நின்றது.

"கால் அசையுதா மச்சான்?" என்று கலீல் மேலிருந்து கத்தினார்.

"அசைஞ்சா நான் ஏன்டா இஞ்ச நிக்கிறன்? தடி ஒண்டு கொண்டு இறங்கு."

கலீல் இறங்கினார். குலசிங்கம் அண்ணையின் மனைவி கமலாதேவி அக்கா ஆள் கூப்பிட ஓடினார். வேலியடியில் கிடந்த பனங்குற்றியைக் கொண்டுவந்து வளையத்தை நெம்ப வேண்டும், அதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மணலை அள்ள வேண்டும். மிசின் ஓடினால் முடியும். அந்த நேரம் பார்த்து மிசின் இருமி, நின்றது.

மிசின் நின்றதும் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்கு முன்னால் அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"எண்ணெய் பிழை!" என்றார் குலசிங்கம் அண்ணை. வேகமான கை அவருக்கு. காபரேட்டரை வடித்தார், பிளக்கைத் துடைத்தார், புது எண்ணெய் விட்டார், சில்லில் கயிறு சுற்றி இழுத்தார். மிசின் பிடித்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. எல்லாரும் மூச்சு விட்டோம். கலீல் கீழே மணல் அள்ளினார். பாதி அள்ளுவதற்குள் மிசின் மறுபடி நின்றது.

"டேய் குலசிங்கம்," என்று கீழேயிருந்து குரல் வந்தது, "உன்ட எஞ்சினுக்கு என்னை விட மூச்சுக் கட்டையா கிடக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் அவர் நெஞ்சில் நின்றது. குலசிங்கம் அண்ணை மறுபடி வடித்தார், துடைத்தார், இழுத்தார். பிடித்தது. இந்த முறை இன்னும் கெதியாக, கால்வாசி அள்ளுமுன்பே நின்றது. அடுத்த முறை அதிலும் கெதியாக.

நான்காவது முறை நின்றபோது, அவர் காபரேட்டருக்குக் கை நீட்டுமுன் றீற்றா குனிந்து பிளக்கைக் கழற்றிவிட்டாள். சூடு தாங்காமல் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, பிளக்கின் உடம்பை எஞ்சின் இரும்பில் தொடவைத்தாள்.

"இழுங்கோ அண்ணை."

"விளையாடுற நேரமா இது? தா பிளக்கை!"

"ஒருக்கா இழுங்கோ. பிறகு தாறன்."

அவர் இழுத்தார். மூன்று பேரும் பிளக்கின் நுனியைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. செத்த இரும்பு.

"பொறி இல்லை. எண்ணெயில பிழையில்லை அண்ணை. கொயில் பிழை."

"விசர்க் கதை கதையாத. பொறி இல்லாட்டி இவ்வளவு நேரமும் எப்பிடி ஸ்டார்ட் வந்தது? நான் எண்ணெய் மாத்தினாப் பிறகுதானே வந்தது?"

"நீங்கள் எண்ணெய் வடிச்ச நேரத்தில அது ஆறிச்சுது. அதுதான் வந்தது."

அவருடைய கை நின்றுவிட்டது. அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கும் அப்போதுதான் ஏறியது. கொயிலுக்குள் எங்கோ அந்த மயிர்க் கம்பியின் பூச்சு கெட்டிருக்கிறது. குளிராக இருக்கும்போது தாங்கும். சூடேறி விரிந்ததும் பொறி பிளக்குக்கு வராமல் உள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் மறுபடி நல்ல பிள்ளை. இவ்வளவு நேரமும் வேலை செய்தது புது எண்ணெயல்ல. எண்ணெய் மாற்றப் பிடித்த நேரம். எஞ்சின் முழுக்கச் சூடேற ஏற, அந்த நேரமும் போதாமல் வந்தது.

"றீற்றா, தண்ணி கழுத்துக்கு வருதாம்!" என்றேன்.

அவள் ஸ்குறூட்றைவர் பிடியால் பிளக்கின் நுனியை மெதுவாகத் தட்டி, பொறி தாண்டும் இடைவெளியைக் குறுக்கினாள். நோயாளிக்குப் பெரிய வாய்க்கால் தாண்ட ஏலாது, சின்ன வாய்க்கால் தாண்டுவான் என்று பிறகு எனக்கு விளக்கம் சொன்னாள். பிளக்கைப் பூட்டிவிட்டுச் சாக்குகளின் கயிற்றை அறுத்தாள்.

"சாக்கை எடுக்காத!" குலசிங்கம் அண்ணை அவள் கையைப் பிடித்தார். "சத்தம் போகும். ஆமி வருவான். ஊரடங்கு நேரமும் ஆகுது."

"சாக்குக்குள்ளதான் அண்ணை அது வேகுது."

அவர் கிணற்றைப் பார்த்தார். அபூதாஹிர் காக்கா இப்போது பகிடி விடவில்லை. நாடியை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கலீல் அவருடைய தலையைத் தன் தோளில் தாங்கி நின்றார். குலசிங்கம் அண்ணை தன் கையாலேயே சாக்குகளைப் பிய்த்து எறிந்தார். சில்லை மூடியிருந்த தகரத்தையும் றீற்றா கழற்றினாள். கொயில் வெளியே தெரிந்தது. மேலே பூசியிருந்த கறுப்புப் பசையில் ஒரு வெடிப்பு. அதற்குள் கமலாதேவி அக்கா ஆட்களோடு ஓடிவந்துவிட்டார்.

"அக்கா, துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு தா. சொட்டக் கூடாது. கமலாதேவியக்கா, சுளகு கொண்டாங்கோ, எத்தனை இருந்தாலும்."

பிழிந்த துணியை மடித்துக் கொயிலின் இரும்புக் கால்களில் மட்டும் வைத்தாள். வெடிப்பில் ஈரம் பட்டால் இருக்கிற பொறியும் போய்விடும். துணியின் நுனி சுற்றும் சில்லில் சிக்கினாலும் எல்லாம் முடிந்தது. அதனால் இடது பெருவிரலை இடையில் நுழைத்து, அதன் நகப்பக்கத்தால் துணியை இறுக்கிப் பிடித்தாள். அந்த விரலின் முன்பக்கத்தில் பட்டது சிலிண்டரின் இரும்பு.

"இழுங்கோ."

முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. குலசிங்கம் அண்ணை "முருகா" என்று இழுத்த மூன்றாவதில் மிசின் வெடித்துக்கொண்டு பிடித்தது. சாக்கு இல்லாத அந்தச் சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். நானும் கமலாதேவி அக்காவும் இரண்டு பக்கமும் நின்று, கொயிலுக்குக் காற்றுப் படும்படி சுளகால் விசிறினோம். வேகத்தை அவள் பாதிக்குக் குறைத்து வைத்தாள். தண்ணீர் மெல்லத்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது. நாடி தெரிந்தது, கழுத்து தெரிந்தது, பிறகு முதல் பொத்தான். கமலாதேவி அக்கா கூட்டிவந்த ஆட்கள் பனங்குற்றியை இறக்கினார்கள்.

நடுநடுவே றீற்றாவின் தோள் தூக்கிப் போடும். கசிகிற மின்சாரம் அவளுக்கும் அடித்தது. துணி காயக் காய நான் வேறு துணி கொடுத்தேன். விரலை எடுக்காமலேயே மாற்றினாள். மயிர் கருகிய மாதிரி ஒரு மணம் வந்தது. நான் அதை எஞ்சின் மணம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வரம்பில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். துப்பாக்கி கையில் தயாராக இருந்தது.

"மிசின் நிப்பாட்டு! ஆறு மணி! நிப்பாட்டு!"

"சேர், ஆள் உள்ளுக்கு! ஆள்!" என்று கமலாதேவி அக்கா கிணற்றைக் காட்டினார். ஒருவன் கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தான். மற்றவன் றீற்றாவைப் பார்த்துவிட்டான். வயர் தொங்கும் இரும்புக்குள் கையை விட்டு, குனிந்து, எதையோ பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அந்தக் காலத்தில் அது குண்டு பூட்டுவது மாதிரித் தெரியும் என்று நான் எழுதத் தேவையில்லை.

"கை எடு!" என்று கத்தினான். அவன் நின்றது அவளுடைய இடது பக்கம். அவள் திரும்பவில்லை. துப்பாக்கி தோளுக்கு ஏறியது. "கை எடு!"

"காது கேளாது சேர்! அந்தக் காது கேளாது!" நான் சுளகோடு என் காதைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். அவள் என் வாயைப் பார்த்துத்தான் நிமிர்ந்தாள். துப்பாக்கியைக் கண்டாள். அதையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள். எடுக்கவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

கிணற்றுக்குள்ளிருந்து அபூதாஹிர் காக்கா சிங்களத்தில் கூப்பிட்டார். எங்களுக்குக் கலீல் பிறகு சொன்ன பொருள் இது: "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. இது நிண்டால் நானும் நிண்டிடுவன்."

எட்டிப் பார்த்தவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான். துப்பாக்கி கீழே இறங்கியது. அவர்கள் உதவி செய்தார்கள் என்றும் எழுத ஏலாது, தடுத்தார்கள் என்றும் எழுத ஏலாது. மிசின் சத்தத்தில் அப்படியே நின்றார்கள்.

பனங்குற்றி ஒருமுறை வழுக்கியது. மறுமுறை வளையம் ஒரு விரற்கடை எழும்பியது. "இப்ப! இப்ப!" என்று கலீல் கத்த, மேலே கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். அபூதாஹிர் காக்கா மணலும் இரத்தமுமாக மேலே வந்தார். கால் இரண்டாக முறிந்திருந்தது. உயிர் முழுசாக இருந்தது.

"இனி நிப்பாட்டு," என்றான் சிப்பாய்.

றீற்றா விரலை எடுத்தாள். மிசின் தானாகவே நின்றது.

காவலரணில் சொல்லி அவர்களே வாகனம் எடுத்து, காக்காவைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏற்றும்போது அவர் றீற்றாவைத் தேடினார். "புள்ள, அந்த எஞ்சினை வித்துப் போடச் சொல்லு. அந்தாளிட்ட வாங்குறவன்தான் பாவம்." குலசிங்கம் அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், இரண்டும் செய்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தபோதுதான் அவளுடைய இடது பெருவிரலின் முன்பக்கத் தோல் வெந்து கழன்றிருந்தது தெரிந்தது. எப்போது சுட்டது என்று கேட்டேன். "தெரியாது. கரண்ட் அடிச்சதில சூடு தெரியேல்ல" என்றாள். கட்டுப் போட்டு வாரக்கணக்காக ஸ்பனர் பிடிக்க ஏலாமல் இருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. தன் ஞானஸ்நானப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வலது கையால் கரித்துண்டு பிடித்து விடுதியின் சீமெந்துத் தரையில் எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்துக் கீறினாள். கீறினதைத் தண்ணீர் ஊற்றி நான்தான் கழுவினேன்.

அடுத்த மாதம் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் விவசாயச் சங்கத்துக்குப் பொதுவில் ஒரு புது இறைப்பு மிசின் கொடுத்தது. அதை யாருடைய பொறுப்பில் விடுவது என்று கோயில் மண்டபத்தில் கூடினார்கள். ஆம்பிளைகள் சிலரின் பெயர் வந்தது. குலசிங்கம் அண்ணை எழும்பினார்.

"நான் இருபது வருசம் மிசின் வச்சிருக்கிறன். எண்ணெயை வடிச்சு வடிச்சு ஒரு மனுசனைத் தண்ணிக்குள்ள தாழ்க்கப் பார்த்தனான். சூசைப்பிள்ளையின்ர இளையவளிட்டக் குடுங்கோ."

ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. நிறுவனத்து உத்தியோகத்தர் பொறுப்பேற்கும் தாளை நீட்டி, வழக்கப்படி மைப்பெட்டியைத் திறந்தார். அதுவரைக்கும் நிவாரண அட்டைக்கும் அடையாள அட்டைக்கும் எல்லாவற்றுக்கும் றீற்றா வைத்தது கைநாட்டுத்தான். அவர் அவளுடைய விரலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

"இடது பெருவிரல்தான் வேணும் பிள்ளை. அடையாளம் வராதே. விரல் ஆறினாப் பிறகு வாங்கோ. அதுவரை மிசினை அடுத்த சங்கத்துக்குக் குடுத்து வைப்பம்."

அடுத்த சங்கத்துக்குப் போனது திரும்பி வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"பேனையைத் தாங்கோ சேர்," என்றாள் றீற்றா.

குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பிளக்குக்குச் செய்வது மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி பார்த்து எழுதினாள். றீயின் சுழி கோட்டுக்கு மேலே ஏறிப்போனது. மற்றதெல்லாம் நேராக நின்றது. உத்தியோகத்தர் தாளைத் திருப்பி வாசித்து, "சூ. றீற்றா" என்று சொல்லி, பக்கத்தில் திகதி போட்டார். 1996 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை.